பர்தீப்பா, பவனா? ரெய்டர்களை ஒப்பிடுவது எப்படி

மதுரைப் பக்கம் கபடி பார்க்கிற நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் புரோ கபடி லீக்கின் ரெய்டர்களில் (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்களில்) பெரியவர் பர்தீப் நர்வாலா, பவன் ஷெராவத்தா என்பதில் வந்து நிற்கும். ஒருத்தர் பர்தீப் மொத்தமாக எடுத்த 1,801 ரெய்டு பாயிண்ட் என்பார். இன்னொருத்தர் பவன் ஒரே ஆட்டத்தில் எடுத்த 39 என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவது ‘பல வருஷத்துக்கு யாரை நம்பலாம்’ என்பதற்கான பதில், இரண்டாவது ‘இன்றைக்கு ஒரு ஆட்டம் ஜெயிக்க யாரை அனுப்பலாம்’ என்பதற்கான பதில். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு பண்ணாவிட்டால் விடிய விடியப் பேசினாலும் தீராது.

அடுத்து, மொத்தக் கணக்கை ஆட்டக் கணக்காக மாற்றுங்கள். 2017 சீசனில் பர்தீப் எடுத்தது 26 ஆட்டத்தில் 369 ரெய்டு பாயிண்ட். 2019-ல் பவன் எடுத்தது 24 ஆட்டத்தில் 346. மொத்தத்தில் பர்தீப் மேலே. வகுத்துப் பார்த்தால் பர்தீப்புக்கு 14.2, பவனுக்கு 14.4. புரோ கபடியின் முதல் நாலு சீசனில் எட்டு அணிதான், லீக்கில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். 2017-ல் 12 அணி ஆனதும் அது 22 ஆனது. அதனால் ரெய்டர் அனூப் குமார் 2014-ல், அதாவது முதல் சீசனில், எடுத்த மொத்தத்தை 2017-க்குப் பிறகு வந்தவரின் மொத்தத்தோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இதுவரை இணையத்தில் கிடைக்கிற எண்தான். நிஜமான வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுத வேண்டும். ஒரு ரெய்டுக்கு ஒரு வரி: மீதி நேரம், எதிரே நிற்கிற ஆள், நம் அணி எத்தனை முன்னே அல்லது பின்னே, என்ன கிடைத்தது. தொட்டால் ‘தொ’, போனஸ் (போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து எடுப்பது) ‘போ’, சும்மா திரும்பினால் ‘வெ’, பிடிபட்டால் ‘பி’. ‘12:40, 5 ஆள், 3 பின்னே, தொ1’ என்று எழுத 30 விநாடி ரெய்டுக்குள் தாராளமாக நேரம் இருக்கும். டிஃபெண்டர் (எதிரே பிடிக்க நிற்பவர்) தானாகக் கோட்டைத் தாண்டி வெளியே போன பாயிண்ட்டைத் தனியாகக் குறியுங்கள். அது ரெய்டரின் வேலை இல்லை.

இதில் எல்லாரும் விடுவது எதிரே நிற்கிற ஆள் கணக்கை. எதிரே களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால்தான் போனஸ் உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது பிடிபட்டால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். ஏழு பேர் கைகோத்துச் செயின் போட்டு நிற்கிறபோது தொட்டு வந்த ஒரு பாயிண்ட்டும், இரண்டு பேர் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறபோது எடுத்த ஒரு பாயிண்ட்டும் ஸ்கோர் போர்டில் ஒன்றுதான். நோட்டில் ஒன்றாக இருக்கக் கூடாது.

போனஸையும் தொடு பாயிண்ட்டையும் ஒரே பெட்டியில் போடுவது அடுத்த தப்பு. தொட்டால் எதிரணியில் ஒரு ஆள் வெளியே போகிறார், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருகிறார். போனஸில் இரண்டுமே நடப்பதில்லை, ஒரு பாயிண்ட் மட்டும் ஏறும். போனஸாகவே எடுத்து சூப்பர் 10 (ஒரே ஆட்டத்தில் 10 ரெய்டு பாயிண்ட்) போட்டவர் இருக்கும் அணி ஆல் அவுட் ஆவது, அதாவது எல்லாரும் வெளியே போவது, இதனால்தான்.

தோராயமாக ஒரு மதிப்பு வைத்துக்கொள்ளலாம்: தொடுவதற்கு 1.5, போனஸுக்கு 1, பிடிபட்டால் கழித்தல் 1.5, சூப்பர் டேக்கிளில் மாட்டினால் கழித்தல் 2.5. ஒருவர் 20 ரெய்டு போய் 6 போனஸ், 4 தொடு, 4 முறை பிடிபட்டார், அதில் ஒன்று சூப்பர் டேக்கிள் என்று வையுங்கள். சேர்ந்தது 12, போனது 7, மிச்சம் 5. இன்னொருவர் 14 ரெய்டில் 8 தொடு, 3 முறை பிடிபட்டார். சேர்ந்தது 12, போனது 4.5, மிச்சம் 7.5. பேப்பரில் முதல் ஆள் 10 பாயிண்ட், இரண்டாவது ஆள் 8. எங்கள் அணிக்கு இரண்டாவது ஆளைத்தான் எடுப்போம். இந்த மதிப்பெண் வேதவாக்கு இல்லை, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாற்றுங்கள், முடிந்த பிறகு பிடித்த ஆளுக்காக மாற்றக் கூடாது.

‘வெ’ எல்லாம் தோல்வி இல்லை. நாலு பாயிண்ட் முன்னே, இரண்டு நிமிஷம் பாக்கி என்றால் 30 விநாடியையும் தின்றுவிட்டு முழுசாகத் திரும்பி வருவதுதான் நல்ல ரெய்டு. அதே ‘வெ’ ஆறு பின்னே இருக்கும்போது வந்தால் வேறு. டூ ஆர் டை ரெய்டுகளுக்கு (வரிசையாக இரண்டு ரெய்டு சும்மா போனபின் வரும் மூன்றாவது ரெய்டு, பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்) ஒரு வட்டம் போட்டு வையுங்கள். சில அணியில் பெரிய ரெய்டரைப் பாதுகாக்க இரண்டாவது ஆளையே மூன்றாவது ரெய்டுக்கு அனுப்புவார்கள். அந்த இரண்டாவது ஆளின் சராசரி அடிபடும், பெரியவரின் சராசரி பளபளக்கும்.

இனி அணியின் பங்கு. 2017 இறுதிப் போட்டியில் பாட்னா குஜராத்தை 55-38 என்று அடித்தது, அதில் பர்தீப் 19. 2018 சீசனின் இறுதிப் போட்டியில் பெங்களூரு அதே குஜராத்தை 38-33 என்று ஜெயித்தது, பவன் 22. பர்தீப்பின் பங்கு 35 சதவீதம், பவனுடையது 58. பவன் தனியாளாகத் தூக்கினார் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பாட்னாவில் பக்கத்தில் மோனு கோயத் இருந்தார். இன்னொரு ரெய்டர் தொட்டுக்கொண்டே இருந்தால் பர்தீப் பெஞ்சில் உட்காருகிற நேரம் குறையும், அதனால் அவர் மொத்தம் கூடும், சதவீதம் குறையும். ஒரே காரணம் ஒரு எண்ணை ஏற்றி இன்னொன்றை இறக்குகிறது. அதனால் பெரிய ரெய்டர் வெளியே இருந்த நிமிஷங்களையும் குறித்தால்தான் நியாயம்.

ஒரே ஆட்டச் சாதனைகளையும் இப்படியே பிரிக்கலாம். பவனின் 39, 2019-ல் ஹரியானாவுக்கு எதிராக லீக் ஆட்டத்தில், 59-36. பர்தீப்பின் 34, 2017-ல் அதே ஹரியானாவுக்கு எதிராக, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய எலிமினேட்டரில், 69-30. அன்றைக்குப் பர்தீப் போட்ட எட்டுப் பாயிண்ட் ரெய்டில் 2, எதிரணியை ஆல் அவுட் ஆக்கியதற்காக அணிக்கு வந்தது. அதைக் கழித்தாலும் அது அசுர ரெய்டுதான். ஆனால் 39 பாயிண்ட் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் கடைசிப் பாயிண்ட்டுகளுக்கு என்ன எடை? கடைசி ஐந்து நிமிஷத்தில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதில் வந்ததைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டு பேருக்கும்.

எப்போது வந்த பாயிண்ட் என்பதற்கு 2016 உலகக் கோப்பை இறுதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஈரானிடம் பாதி ஆட்டத்தில் இந்தியா 13-18 பின்னே. கடைசியில் 38-29 என்று ஜெயித்தது, அஜய் தாக்கூர் 12 ரெய்டு பாயிண்ட். பவனின் 39-க்கு முன்னால் 12 சின்ன எண். எங்கள் கணக்கில் சின்னது இல்லை.

ஏலத்தொகையை ஆதாரமாகக் கொண்டுவருபவரோடு வாதாடவே வேண்டாம். 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவனை 2.26 கோடிக்கு எடுத்தது, முதல் ஆட்டத்திலேயே காயம். புது ஆள் நரேந்தரை வைத்துத்தான் அந்த வருஷம் அரை இறுதி வரை போனார்கள்.

எங்கள் தீர்ப்பு கேட்டால்: ஒரு ஆட்டத்துக்குப் பவன், பல சீசனுக்குப் பர்தீப்.

டிவியில் பார்ப்பதற்குச் சொன்னதை ஊர் டோர்னமெண்டுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். பொங்கலை ஒட்டி மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் நடக்கிற ராத்திரி ஆட்டங்களில் ஆட்ட நேரம் எவ்வளவு, டூ ஆர் டை உண்டா இல்லையா, எடை வரம்பு என்ன என்பதெல்லாம் கமிட்டி முடிவு. கேட்டு நோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். மண்ணில் வெறுங்காலோடு ஆடுபவருக்கு ரப்பர் மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு ஆடுபவரைப் போல் சட்டென்று நின்று திரும்ப முடியாது, டுப்கி (குனிந்து டிஃபெண்டர்களுக்குக் கீழே நழுவுவது) அடித்தால் முழங்காலும் முழங்கையும் உரியும். தண்ணீர் தெளித்த மண் முதல் ஆட்டத்துக்கு ஒரு மாதிரி, நாலாவது ஆட்டத்துக்கு வேறு மாதிரி. நாக் அவுட்டில் ஒரே ராத்திரி மூணு ஆட்டம் முடித்துவிட்டு இறுதிக்கு வந்தவரை, பை (ஒரு சுற்று ஆடாமலே அடுத்ததற்குப் போகும் வாய்ப்பு) கிடைத்து வந்தவரோடு ஒரே தராசில் போடக் கூடாது. எத்தனாவது ஆட்டம், முந்தின ஆட்டம் முடிந்து எத்தனை நிமிஷம் ஆனது என்று ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குறித்து, அரை இறுதியை அரை இறுதியோடும் இறுதியை இறுதியோடும் மட்டும் வைத்துப் பாருங்கள்.