செருப்பு காட்டிக் கொடுத்த நடை

எந்தச் செருப்பு வாங்கினாலும் ஆறே மாதத்தில் குதிகாலின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து பிளேடு மாதிரி ஆகிவிடும். மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டிருந்தேன். 94 கிலோ உடம்போடு ஓட ஆரம்பித்து, உள்கணுக்காலுக்குக் கீழே வலி வந்த பிறகுதான் சந்தேகம் என் பக்கம் திரும்பியது.

குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நின்று பார்த்தேன். நடுவில் வளைவே இல்லை, முழுத் தடம். ஊன்றும்போது பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்வது எல்லோருக்கும் உள்ளதுதான். அதிர்ச்சியைத் தாங்கும் ஏற்பாடு அது. தட்டைப் பாதத்தில் அது பெரும்பாலும் அளவு மீறும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் வேறு. என் கணக்கில் 200 கிலோவையே தாண்டலாம்! எடை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அப்பா ஒல்லி, அவருக்கும் தட்டைப் பாதம்தான்.

சரி என்று ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு வந்தேன். ஷூவுக்குள் வளைவைத் தாங்கும் இன்சோல் போட்டேன். அப்புறம், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குவது, தினமும் 15 முறை. முதல் வாரம் கெண்டைக்கால் கெஞ்சியது. மூன்று மாதத்தில் வலி போனது, எடையும் 6 கிலோ குறைந்தது. ஈரத்தடம் மட்டும் இன்னும் அதே முழுத் தடம்தான்.