புழுவெட்டு குறைகிறதா? அளப்பதில் செய்யும் தவறுகள்

தலையில் வட்டம் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கு ஊசியோ களிம்போ தொடங்கிய மறுவாரமே பலரும் கண்ணாடி முன் நின்றுவிடுவார்கள். (பெயரில்தான் புழு. முடி வேரைத் தாக்குவது நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள்.) முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். தினமும் பார்த்தால் எதுவும் தெரியாது. மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

சீப்பில் வந்த முடியை எண்ணுவதும் வீண் வேலை. நோயே இல்லாதவருக்கும் நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும்.

பெரிய குழப்பம் வட்டத்தை அளப்பதில்தான். 4 செ.மீ. அகலமிருந்த வட்டம் 2 செ.மீ. ஆனால், "பாதிதான் சரியாகியிருக்கிறது" என்பார்கள். பரப்பளவைப் பார்த்தால் முக்கால்வாசி மூடிவிட்டது! சரி, அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிடரியில் புதிதாக ஒன்று கிளம்பியது தெரியாமல் போகும். அதற்காகத்தான் தோல் மருத்துவர்கள் முழுத் தலைக்கும் 'சால்ட்' ஸ்கோர் போடுகிறார்கள். உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முடி உதிர்வின் தீவிரத்தை அளக்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம் அது. தலையின் பரப்பில் உச்சிக்கு 40, பின்தலைக்கு 24, இரு பக்கங்களுக்கும் தலா 18 என்று மொத்தம் 100. உச்சியில் பாதி வழுக்கை என்றால் 20. இடப்பக்கம் பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் 1.8, ஆக 21.8. புழுவெட்டுக்குத் தரும் பாரிசிடினிப் மாத்திரையின் பெரிய ஆய்வுகளில்கூட, 36 வாரம் கழித்து எத்தனை பேருக்கு இந்த ஸ்கோர் 20 அல்லது அதற்குக் கீழே வந்தது என்றுதான் பார்த்தார்கள். ஆனால் புருவமும் இமையும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் போட்டோ. போன மாதம் எண்ணெய் வைத்த தலை, இந்த மாதம் ஷாம்பு போட்டுக் காயவைத்த தலை. அன்று ஜன்னல் வெளிச்சம், இன்று ஃபிளாஷ். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மருந்து பிரமாதமாக வேலை செய்ததுபோலத் தெரியும்! எண்ணெயோ ஈரமோ இல்லாத தலை, அதே இடம், அதே தூரம், அதே வகிடு என்று வைத்துக்கொண்டு, வட்டத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் பிடித்து எடுங்கள். உச்சி, பின்தலை, இரு பக்கம் என நான்கு படமும் வேண்டும். நடுவில் மொட்டை போட்டுவிட்டால் பழைய படத்தோடு ஒப்பிடுவது கஷ்டம்.

முதலில் முளைப்பது பல பேருக்கு வெள்ளை முடிதான். அதைப் பார்த்து "நரை வேறு வந்துவிட்டதே" என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அது வேர் மறுபடி விழித்ததன் அடையாளம். கறுப்பு பெரும்பாலும் பிறகு ஏறும்.

ஊசியும் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயச் சாறும் தேய்த்தால், முடி வந்தபின் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய வட்டங்கள் மருந்தே இல்லாமல் மூடிக்கொள்வதும் சகஜம். எதைப் புதிதாகத் தொடங்கினாலும் அந்தத் தேதியைப் படத்தோடு எழுதி வைத்து, டாக்டரிடம் போகும்போது காட்டுங்கள்.