விரிசல் விட்ட வீடு: மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

போன மழைக்காலம் முடிந்த கையோடு சித்தி போன் செய்தார். "ஹால் சீலிங்ல காரை பெயர்ந்து விழுந்துடுச்சுப்பா, கம்பி தெரியுது. மேஸ்திரி வந்து பார்த்தார், சிமென்ட் பூசிடலாம்னு சொல்றார்." வடசென்னையில், கடலுக்கு நடந்தே போகும் தூரத்தில் 1989-இல் கட்டிய வீடு. கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் அதே ஹாலில், இப்போது பெயர்ந்த இடத்தை ஒட்டியே, ஒருமுறை பூசியிருந்தார்கள். அதைக் கேட்டதும், "யாரையும் கை வைக்க விடாதீங்க சித்தி, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

அன்றைக்குச் செய்ததையும் அதற்கப்புறம் நடந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலையை நாமே செய்துவிட முடியாது. ஆனால் அவர் வரும்போது கையில் கொடுக்கப் பாதித் தகவலை நாம் சேர்த்து வைக்கலாம்.

படி 1: உள்ளே இருக்கலாமா?

பீம் தூணோடு சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் விரிசல், பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் தூண், கண்ணுக்கே தெரியும்படி தொய்ந்த தளம், நேற்றுவரை சாத்திய கதவு இன்று திடீரென்று இறுகுவது, சுவரிலிருந்து சடசடவென்று சத்தம். இதில் ஒன்று இருந்தாலும் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், ஆட்களோடு வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்து விழுந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்தவர்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள்.

சித்தி வீட்டில் அப்படி எதுவும் இல்லை. பெயர்ந்த இடத்துக்குக் கீழே இருந்த கட்டிலை மட்டும் வேறு அறைக்கு மாற்றினோம்.

படி 2: வீட்டின் ஜாதகம்

எந்த வருடம் கட்டியது? மாடி அப்போதே போட்டதா, பிறகு ஏற்றியதா? தண்ணீர்த் தொட்டி எந்தத் தூணுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது? மொட்டை மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டார்களா? இது பல வீடுகளில் நடக்கிறது, தளம் சுமக்கும் பாரம் யாருக்கும் தெரியாமல் ஏறிவிடுகிறது. கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணீர் என்பதையும் கேளுங்கள். சித்தப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல தோண்டின கிணத்துத் தண்ணிதான். கொஞ்சம் கரிக்கும்." அந்த ஒரு வரி பின்னால் பல விஷயங்களுக்குப் பதில் சொன்னது.

பிளான் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையையும் நோட்டில் கட்டம் போட்டு வரைந்துகொண்டால் போதும்.

படி 3: விரிசலைப் படிப்பது

எல்லா விரிசலும் ஒன்றல்ல. எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் வரைந்த கட்டத்தில் குறியுங்கள்.

பூச்சில் மட்டும் சிலந்தி வலைபோல மெல்லிசாகப் பரவியிருந்தால் அது பூச்சு காயும்போது சுருங்கியது. பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடினால், இரண்டு பொருளும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிவதால் வருவது. மேல்மாடிச் சுவரில் தளத்துக்குக் கீழே படுக்கை வாட்டில் ஓடுவதும் பெரும்பாலும் வெயிலின் வேலைதான். இவற்றுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியே சாய்வாக ஏறினால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். களிமண்ணிலும் கரிசலிலும் மழைக்கு மண் உப்பும், கோடையில் சுருங்கும், விரிசலும் அதோடு மூடித் திறக்கும். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

தூணின் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாகவோ, பீமின் அடிப்பக்கம் நீளவாட்டிலோ ஓடுகிறதா? அது உள்ளே கம்பி ஓடும் பாதை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது.

அகலம் பார்க்க ஒரு குறுக்கு வழி. ஏ.டி.எம். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அது உள்ளே போனால் சின்ன விரிசல் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 பொதுவாக ஏற்கும் மேற்பரப்பு விரிசல் அகலம் 0.3 மி.மீ. தான்.

வளர்கிறதா என்று பார்க்க, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி வையுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். பழைய வைத்தியம்தான், ஆனால் பொய் சொல்லாது.

படி 4: தட்டிப் பாருங்கள்

ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சீலிங்கை ஓரடிக்கு ஒருமுறை மெதுவாகத் தட்டுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்' என்று சொல்லும். பொத்தென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சித்தி வீட்டு ஹாலில் பெயர்ந்தது இரண்டடி. வட்டம் போட்டு முடித்தபோது ஏழடிக்குப் போயிருந்தது, அதுவும் பழைய பூச்சைச் சுற்றியே. சித்தப்பா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஈரம் வரும் வழியையும் தேடுங்கள். மேலே பாத்ரூம் இருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா. தண்ணீரை நிறுத்தாமல் செய்யும் எந்த ரிப்பேரும் நிற்காது.

படி 5: இன்ஜினியரும் கருவிகளும்

ரிப்பேர் வேலையை எடுக்கப்போகிறவரே சோதனையும் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனி ஆளைக் கூப்பிடுங்கள். அவர் செய்யும் சோதனைகளில் இவை முக்கியம்.

ரீபவுண்ட் ஹேமர்: பரப்பின் கடினத்தைக் காட்டும். பூச்சை எடுத்துவிட்டு வெறும் கான்கிரீட்டில் அடிக்க வேண்டும். அப்போதும் கணிக்கும் வலிமையில் 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பழைய கான்கிரீட்டில் கூடுதலாகவே காட்டும். பூச்சின் மேல் நாலு இடத்தில் அடித்து ரிப்போர்ட் தந்தால் வாங்காதீர்கள்.

யு.பி.வி. (அல்ட்ராசோனிக் பல்ஸ் வெலாசிட்டி): ஒலியலையை உள்ளே அனுப்பி வேகம் பார்ப்பது. பழைய ஐ.எஸ். 13311 கணக்கில் வினாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் நல்லது, 3-க்குக் கீழே சந்தேகம்.

பினாப்தலீன்: எனக்குப் பிடித்தது இதுதான். இந்த ரசாயனக் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். நிறமே மாறாத இடத்தில் அது போய்விட்டது, கம்பிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை எட்டிவிட்டதா என்பதுதான் கேள்வி.

ஹாஃப் செல்: கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. காப்பர் சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால் துரு வேலை செய்துகொண்டிருக்க 90 சதவீதம் வாய்ப்பு.

வலிமையிலேயே சந்தேகம் என்றால் உருளையாக வெட்டி எடுக்கும் கோர் சோதனை. குறைந்தது மூன்று வேண்டும். ஐ.எஸ். 456 படி அவற்றின் சராசரி, அந்தக் கான்கிரீட்டுக்கு நிர்ணயித்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது.

கம்பியின் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். 10 மி.மீ. கம்பி 8 ஆகியிருந்தால் 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பில் 36 சதவீதம் காணாமல் போயிருக்கும்.

படி 6: ரிப்பேரா, இடிப்பதா?

ரிப்போர்ட்டில் காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவுகள் மட்டும் இருந்து காரணம் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், எங்கே முட்டு கொடுக்க வேண்டும், எந்த வரிசையில் உடைக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் பீமைக் கொத்துவது ஆளைக் கொல்லும் வேலை. தூண்களும் அஸ்திவாரமும் நன்றாக இருந்தால் தளத்தை மட்டும் சரிசெய்யலாம், மாற்றலாம். தூண்களே போய்விட்டால், செலவுக் கணக்கு பெரும்பாலும் இடிப்பதன் பக்கம் சாயும்.

சித்தி வீட்டில் தூண்கள் தப்பித்தன. ஹாலின் மேல்தளத்தில் உப்பு ஏறியிருந்தது. முந்தைய பூச்சு ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. ஒரே கம்பி புதுக் கலவைக்குள்ளும் உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள்ளும் ஓடும்போது பேட்டரி மாதிரி ஆகி, ஒட்டுப் போட்ட விளிம்பை ஒட்டித் துரு வேகம் பிடிக்கும்.

வேலையைச் செய்தது அதே மேஸ்திரிதான். இந்த முறை சவுக்கு முட்டு கொடுத்து, கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு, அதாவது 20, 25 மி.மீ., கொத்தி எடுத்தார். முதல் நாள் முணுமுணுத்தார். கம்பியின் பின்பக்கம் அடுக்கடுக்காக உரிந்து வந்த துருவைப் பார்த்த பிறகு, அடுத்த வட்டத்தை அவரே தட்டிப் பார்த்துக் குறித்தார்.