வீரரின் பெயரை மருத்துவமனைக்குச் சூட்டும்போது நடக்கும் தவறுகள்

போரில் உயிர்நீத்த ஒருவரின் பெயரை முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கோ மையத்துக்கோ சூட்டலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னால், கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மறுப்பு இல்லாத இடத்தில் சரிபார்ப்பும் இருக்காது. விழா நாளை முதலில் குறித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க ஓடுவார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு இந்த ஓட்டம்தான் காரணம் என்பது என் எண்ணம். முன்னாள் வீரர்களுக்கென்றே நாடு முழுவதும் மருத்துவமனைகளை நடத்தும் அமெரிக்காவில் இதற்கு நல்ல உதாரணமும் உண்டு, வேதனையான உதாரணமும் உண்டு.

முதல் தவறு பெயரிலேயே நடக்கும். பெயரைப் போய்த் தப்பாக எழுதுவார்களா என்று கேட்கலாம். டோரிஸ் மில்லருக்கு நடந்ததைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலம் வேக்கோவில் 1919இல் பிறந்தவர். கறுப்பினத்தவர் என்பதால் கடற்படையில் அவருக்குக் கிடைத்தது உணவுக்கூட வேலை. 1941 டிசம்பர் 7 காலை பேர்ல் ஹார்பரில், வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் சலவைத் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் தாக்கின. படுகாயமடைந்த கேப்டனைத் தூக்கி நகர்த்த உதவினார். பிறகு, தனக்கு யாரும் சொல்லித்தராத விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் பின்னால் நின்று சுட்டார். முதலில் வந்த செய்திகளில் இவருக்குப் பெயரே இல்லை. யாரோ ஒரு கறுப்பினப் பணியாளர், அவ்வளவுதான். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகை மெனக்கெட்டது. பெயர் வெளியே வந்த பிறகும் பல இடங்களில் 'டோரி' என்றே அச்சானது. பத்திரிகைப் பிழை என்கிறார்கள் சிலர், கப்பலில் கூப்பிட்ட பெயர் என்கிறார்கள் சிலர். எப்படியோ, சில பள்ளிகளும் பூங்காக்களும் 'டோரி மில்லர்' என்றே பெயர் பெற்றன. வேக்கோ மருத்துவமனைக்குப் பெயர் சூட்ட 2014இல் வந்த சட்டத்தில், பிறந்தபோது வைத்த டோரிஸ் என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

பதவியும் இதே போல் வழுக்கும். பேர்ல் ஹார்பரில் இரண்டாம் நிலை உணவுக்கூடப் பணியாளராக இருந்த மில்லர், 1943 நவம்பர் 24 அன்று அவர் உயிர்நீத்த லிஸ்கம் பே கப்பல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு மூழ்கியபோது மூன்றாம் நிலை சமையல்காரராக உயர்ந்திருந்தார். வீரச்செயல் நடந்த நாளின் பதவியா, உயிர்நீத்த நாளின் பதவியா? இதை முடிவு செய்யாமல் பலகை எழுதக் கொடுத்துவிட்டால், அழைப்பிதழில் ஒன்றும் கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கும். படைப்பதிவேடு, கல்லறைக் கல், குடும்பத்தார் எழுதும் விதம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அரை நாள் வேலைதான். செய்துவிடலாம்.

பெயரைவிடப் பெரிய தவறு, அவர் எப்படி இறந்தார் என்பதை அவசரப்பட்டுக் கல்லில் வெட்டிவிடுவது. பேட் டில்மேன் அரிசோனா கார்டினல்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 2002இல் ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியின் தாக்குதலில் வீழ்ந்தார் என்று சொல்லி சில்வர் ஸ்டார் விருது கொடுத்தார்கள். மே 3 அன்று நினைவுக்கூட்டமும் நடந்தது. உண்மையில் அவர் மேல் பாய்ந்தது சொந்தப் படையினரின் குண்டு. சம்பவம் நடந்த சில நாட்களிலேயே படைக்குள் பலருக்கு இது தெரிந்திருந்தும், குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது மே மாதக் கடைசியில்தான். முழு உண்மையைக் கேட்டு அவருடைய தாய் பல வருடங்கள் போராடினார். 2007இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணை வரை போனது. ஆப்கானிஸ்தானின் பாக்ராம் படைத்தளத்தில் வீரர்கள் ஓய்வெடுக்கும் மையம் ஒன்றுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். எந்தக் குண்டு பட்டது என்பதால் அது ஒரு துளியும் குறையாது. ஆனால் முதல் வாரத்தில் வந்த கதையை நம்பி யாராவது கல்வெட்டு வாசகம் எழுதியிருந்தால், அந்தக் கல் அவருடைய தாயின் கண் முன்னால் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கும். விசாரணை முடியும் வரை, பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த நாள், இடம் இவ்வளவு மட்டும் போதும். எப்படி இறந்தார் என்ற பத்தியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே நினைவுக்கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பேசியவர்கள் அவர் கடவுளிடம் சேர்ந்துவிட்டதாகச் சொன்னபோது, இளைய தம்பி மேடையேறி, அண்ணன் மதநம்பிக்கை உள்ளவர் அல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. இழவு வீட்டுக்காரருக்கு ஏன் இந்த வேலையை வைக்க வேண்டும்? குடும்பத்தைக் கடைசியில் அழைப்பிதழோடு போய்ப் பார்ப்பதுதான் எல்லா ஊர்களிலும் நடக்கிறது. முதல் பேச்சே அவர்களோடுதான் நடக்க வேண்டும். அதிலும் ஒருவரோடு மட்டும் பேசிவிட்டு நிறுத்தக்கூடாது. மனைவிக்கு ஒரு விருப்பம் இருக்கும், பெற்றோருக்கு வேறு இருக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று இருக்கும். பிரார்த்தனை வேண்டுமா, எந்தப் புகைப்படம், யார் பேசக்கூடாது என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. 'வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். உள்ளூர்ச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டால் பெயர் வந்துவிடும் என்று நினைத்து, குடும்பத்துக்கு நாள் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறையின் கட்டடத்துக்கு, தனிச் சட்டம் இல்லாவிட்டால், அது இருக்கும் ஊர் அல்லது பகுதியின் பெயரை மட்டுமே வைக்கலாம். ஒரு தளத்துக்கோ ஒரு பிரிவுக்கோ பெயர் வைப்பதற்கும் இதே விதிதான். ஆளின் பெயர் வேண்டும் என்றால் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். பிரதிநிதிகள் சபையின் முன்னாள் படைவீரர் விவகாரக் குழு பல ஆண்டுகளாக வைத்திருக்கும் விதிகள் இன்னும் இறுக்கமானவை. பெயருக்குரியவர் மறைந்தவராக இருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர்கள் அத்தனை பேரும் எழுத்தில் ஆதரவு தர வேண்டும். 5 லட்சம் பேருக்குக் குறையாத உறுப்பினர்களைக் கொண்ட முன்னாள் வீரர் சங்கங்களின் மாநிலக் கிளைகளும் அப்படியே எழுதித் தர வேண்டும். ஒரே ஒரு கடிதம் வராவிட்டாலும் கோப்பு அங்கேயே நிற்கும்.

பிலடெல்பியா மருத்துவமனைக்கு மைக்கேல் ஜே. கிரெசன்ஸ் பெயரைச் சூட்டும் மசோதா 2013 தொடக்கத்தில் வந்தது. சட்டமானது 2014 டிசம்பரில். வியட்நாமில் 1968 நவம்பர் 20 அன்று, ஓர் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேட்டில் 100 மீட்டர் தனியாக ஓடி, மூன்று பதுங்கு குழிகளை அடக்கிவிட்டு, அடுத்த துப்பாக்கி நிலைக்கு 5 மீட்டர் தூரத்தில் விழுந்தவர். வயது 19. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர். அவருக்கே கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. ஆகவே சட்டம் கையெழுத்தாகும் முன் குடும்பத்துக்குத் தேதி சொல்லாதீர்கள்.

காத்திருக்கச் சொல்லும் விதியை எரிச்சலோடு பார்ப்பவர்கள் உண்டு. அரிசோனாவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லலாம். ஹோபி பழங்குடியைச் சேர்ந்த லோரி பியஸ்டெவா, இரண்டு குழந்தைகளின் தாய், 2003 மார்ச் 23 அன்று இராக்கின் நசிரியாவில் நடந்த தாக்குதலில் உயிரிழந்தார். அமெரிக்கப் படையில் வெளிநாட்டுப் போர்க்களத்தில் இறந்த முதல் பூர்வகுடிப் பெண். பீனிக்ஸ் நகரில், பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் பெயரோடு இருந்த மலைக்கு அவர் பெயரை வைக்க ஒரு மாதம்கூட ஆகாமல் இடப்பெயர்களுக்கான மாநில வாரியம் முடிவெடுத்தது. இறந்து ஐந்து வருடம் ஆக வேண்டும் என்பது விதி. பெயர் நூற்றுக்கு நூறு சரி. அவசரத்தால் விளைந்தது என்னவென்றால், அவரைப் பற்றிப் பேச வேண்டிய நாட்களில் ஊர் முழுக்க விதியைப் பற்றிச் சண்டை போட்டது. மத்திய வாரியம் 2008இல், ஐந்து வருடம் நிறைந்த பிறகுதான் ஏற்றது.

கட்டடத்துக்கும் வீரருக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பார்வை இழந்த முன்னாள் வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்கு மேஜர் சார்லஸ் சோல்டெஸ் பெயர் இருக்கிறது. அவர் கண் பரிசோதனை மருத்துவர், 2004இல் இராக்கில் உயிரிழந்தவர். அங்கே வருகிறவருக்கு விளக்கமே தேவையில்லை. நம் சென்னையிலும் அப்படி ஒன்று உண்டு. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். 1972இல் அங்கே பயிற்சி முடித்து அதிகாரியானவர். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்து பரம்வீர் சக்ரா பெற்றவர். இப்போது பயிற்சி முடிப்பவர்கள் அந்த மைதானத்தில்தான் நடந்து வெளியேறுகிறார்கள். இப்படித் தொடர்பு இல்லாமல், காலியாக இருக்கும் கட்டடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஒரே ஊரில் இருவர் தகுதியோடு நின்றால்? வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேன் மருத்துவமனைக்கு மான்–கிராண்ட்ஸ்டாஃப் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். ஒருவர் 1944இல் நெதர்லாந்தில் இறந்தவர், மற்றவர் 1967இல் வியட்நாமில். எந்த வீட்டாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

கடைசியாகக் கல்வெட்டு வாசகம். இங்கே அடைமொழிகளைக் கொட்டுவார்கள், ஒப்பற்ற, ஈடு இணையற்ற என்று. விழாவில் திறந்து வைத்தவரின் பெயர் வீரரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். இது கூடவே கூடாது. சிகிச்சைக்கு வந்து காத்திருக்கும் ஒரு முன்னாள் வீரர் நின்று படிக்கும் நீளத்தில், உயிர்நீத்தவர் என்ன செய்தார் என்பதை நான்கு வரியில் சொன்னால் போதும். திறந்து வைத்தவர் பெயர் கீழே சின்னதாக இருக்கட்டும். வரைவை அச்சிட்டுக் குடும்பத்தாரிடம் கொடுத்து, நிதானமாகப் படிக்க ஒரு வாரம் விட்டு, திருத்தங்களோடு அவர்கள் கையெழுத்தை வாங்கிய பிறகே கல் வெட்டுபவரிடம் கொடுங்கள்.