ஸ்விஃப்ட் விலைக்குப் பழைய பென்ஸ் வருகிறதா?

பத்துப் பன்னிரண்டு வருசத்துப் பென்ஸ் காரோ ஆடி காரோ சல்லிசாக வருகிறதென்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: குறைந்தது வண்டி விலை மட்டும்தானுங்க, உதிரிபாக விலை குறையவே இல்லை.

காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் நில்லுங்கள். முந்தின நாளே விற்பவருக்குப் போன் போட்டு 'எடுத்து ஓட்டி வைக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்குவது) வண்டி ராத்திரி நின்றதில் ஒரு மூலை மட்டும் மாடு படுத்த மாதிரி இறங்கியிருந்தால் காற்று கசிகிறது, அதை அப்படியே விட்டால் அந்தப் பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் ஓடி ஓடிப் போய்விடும்.

அப்புறம் கோவை காந்திபுரம் நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். சூடான பிறகு ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது உதறினால், விற்பவர் விலையை எவ்வளவு குறைத்தாலும் சரி, கிளம்பி வந்துவிடுங்கள். வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், இந்த வண்டிகளுக்குக் காது மட்டும் போதாது.

டெல்லிப் பதிவு என்றால் என்ஓசி (அங்கத்து ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்டவேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 15 வருடம் நெருங்கினால் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் செலவும் வரும். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்காவது ரிப்பேருக்கென்று தனியாகக் கையில் இருந்தால்தான் நான் அட்வான்ஸ் கொடுப்பேன்.