‘நாட் கோஆபரேட்டிவ்’ என்று எழுதும் முன்: ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயால் முடங்கியவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவதுதான் எங்கள் ஆக்குபேஷனல் தெரபி. போன வாரம் வார்டு போஸ்டிங்குக்கு வந்த மாணவி ஒருவர் கேஸ் ஷீட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். பெயர், வயது, பக்கவாதம் வந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில் ‘பேஷன்ட் நாட் கோஆபரேட்டிவ்’, அதாவது நோயாளி ஒத்துழைக்கவில்லை. நான் இன்டர்னாக இருந்தபோது இதே சொற்களை இதே இடத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் ஒருவருக்கு என்ன ஆனது என்றும் பார்த்திருக்கிறேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேரத்துக்கு வருவது, நகம் வெட்டுவது, கை கழுவுவது, அடையாள அட்டை போடுவது இதெல்லாம் இங்கே இல்லை. கல்லூரியில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு, படிப்பில் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. வார்டில் ஓரமாக நின்று, லாக் புக்கில் கையெழுத்து வாங்கியே அந்த 1000 மணி நேரத்தையும் ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டாமல், உண்மையாக உழைக்கும் மாணவர்களும் செய்கிற தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

‘நாட் கோஆபரேட்டிவ்’

நான் அப்படி எழுதிய அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். மூளையின் வலப்பக்கம் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் நாள் பெக் போர்டை, அதாவது துளைகளில் குச்சிகள் சொருகிய பயிற்சிப் பலகையை, முன்னால் வைத்து, நல்ல கையால் குச்சிகளை எடுக்கச் சொன்னேன். வலது ஓரத்தில் இருந்த நான்கை எடுத்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நாள் இடது கையைத் தாங்கிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கப் போனேன். தொட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும், “வேணாம்ப்பா, விட்டுரு” என்றார். எழுதிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை எனக்குக் குழந்தைகள் பிரிவில் போஸ்டிங்.

என் இடத்துக்கு வந்த இன்டர்ன் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு அந்த அம்மாவைப் பட்டியலின் கடைசியில் வைத்தார். வார்டில் கடைசி என்றால் பாதி நாள் பார்க்க நேரமே இருக்காது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் எழுதியதை நம்பினார், அவ்வளவுதான். சில நாளில் டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா ஓ.பி.க்கு வந்தார். இடது தோள் இறுகிப்போய், ரவிக்கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. புறங்கை வீங்கியிருந்தது. எங்கள் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வார்டில் தினமும் காலையில் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது விழுந்த கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தசை தளர்ந்து பிடிமானம் இல்லாத தோள், மூட்டிலிருந்து இறங்கிவிட்டது. அந்தக் கையைத்தான் நான் தொட்டிருக்கிறேன். அப்புறம், நான் அவருக்குப் பயிற்சி கொடுக்கப் போன அந்த வாரம்தான் யூரின் ட்யூபை எடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கே நனைந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். “சின்னப் பையன்கிட்ட அதை எப்படிச் சொல்றது?” என்று மேடத்திடம் கேட்டார். மூன்றாவது, என் கண் முன்னாலேயே நடந்தது. வலது ஓரக் குச்சிகளை மட்டும் எடுத்தார் என்றால் இடப்பக்கம் அவர் கவனத்துக்கே வரவில்லை. வலப்பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் முதலில் சோதிக்க வேண்டியதே இதைத்தான். பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் அதைப் பார்க்கவில்லை.

ஒரு நோயாளி ‘மாட்டேன்’ என்கிறார் என்றால் அதுவே நமக்குக் கிடைக்கும் முக்கியமான தகவல். அங்கிருந்துதான் வேலை தொடங்க வேண்டும். மாணவர்கள் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வலியா? பசியா? சிறுநீர் முட்டுகிறதா? மாத்திரை போட்ட தூக்கமா? கண்ணாடி எங்கே? காது கேட்கிறதா? சொன்னது புரிந்ததா? மனசு விட்டுப்போயிருக்கிறதா? கேட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூட இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

எழுதும்போது தீர்ப்பை விட்டுவிட்டுப் பார்த்ததை எழுதுங்கள். ‘காலை 10 மணி, வீல்சேரில் இருந்தார். இடது கையைத் தூக்கும்போது முகம் சுளித்து வேண்டாம் என்றார். வலிக்கிறதா என்றதற்குத் தலையசைத்தார். பெக் போர்டில் வலப்பக்கக் குச்சிகளை மட்டும் எடுத்தார்.’ நான் இப்படி எழுதியிருந்தால், அடுத்து வந்தவர் தோளைப் பார்த்திருப்பார். கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டையாவது தொங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. காலமெல்லாம் பூக்கட்டியவர் எதற்காகக் குச்சிகளைத் துளையில் சொருக வேண்டும்? மேடம் அன்றைக்கு ஒரு முழம் வாழை நாரும் கொஞ்சம் பூவும் வாங்கிவரச் சொன்னார். தோளுக்கு அடியில் தலையணை கொடுத்து, நாரின் நுனியை இடது கையில் சொருகிவிட்டார். என்னிடம் மூன்று நிமிடம் உட்காராதவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 1991இல் வெளிவந்த கனடா நாட்டு அளவுகோல் ஒன்றை எல்லாரும் படித்திருப்பீர்கள். நோயாளிக்கு எந்த வேலை முக்கியம் என்று அவரையே கேட்டு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்புப் போடச் சொல்வது. வைவாவில் எல்லாரும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். வார்டில் “வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?” என்று கேட்கும் மாணவரை வருடத்துக்கு ஒருவர் இருவர்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மாவுக்கு நார் பிடிக்கும் அளவுக்கு விரல் வந்தது. தோள் கடைசிவரை முழுதாக மேலே போகவில்லை. கொண்டை போட மருமகள்தான் வர வேண்டியிருந்தது.

குழந்தைகள் பிரிவில் இதே தவறுக்குப் பெயர் ‘அடம்’. ஆட்டிசம் உள்ள குழந்தை அறைக்குள் வரமாட்டேன் என்று அழுதால், முதலில் ஃபேன் சத்தத்தையும் டியூப்லைட்டையும் சட்டைக் காலரில் குத்தும் துணிப் பட்டையையும் பாருங்கள்.

வார்டு டாய்லெட்டைப் பார்த்து மார்க் போடுவது

அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று மார்க் போடும் பார்த்தெல் அளவுகோலில் மொத்தம் 100. கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒருவர் தானே போய்வந்தால் முழு மார்க் போட்டு ‘இண்டிபெண்டன்ட்’ என்று அனுப்பிவிடுகிறோம். வீட்டிலோ டாய்லெட் கொல்லைப்பக்கம், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், வாசலில் ஒரு படி, வாளியில் தண்ணீர் பிடித்துத் தூக்கிப் போக வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். சாப்பாடும் அப்படித்தான். வலது கை விழுந்தவருக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுக்கும் முன், நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிட அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். பலர் பட்டினி கிடந்தாலும் சாப்பிட மாட்டார்கள்.

உதவி செய்துவிடுவது

சட்டைப் பட்டன் போட நோயாளிக்குப் பத்து நிமிடம் ஆகும். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

‘மூணு மாசத்துல சரியாயிடும்’

வராந்தாவில் மகன் உங்களைப் பிடித்து, “அப்பா கை எப்போ சரியாகும்?” என்று கேட்பார். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் தோன்றும். மாதக் கணக்குச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் குடும்பம் வட்டிக்கு வாங்கும், நிலத்தை விற்கும், வேறு சிகிச்சை தேடி அலையும். இன்றைக்கு அவர் என்ன செய்தார், நேற்று என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். மற்றதற்கு சீனியரிடம் அழைத்துப் போங்கள்.

நோயாளி படம் வாட்ஸப் ஸ்டேட்டஸில்

வேண்டாம். வீட்டார் சரி என்றாலும் வேண்டாம்.

ஸ்ப்ளின்ட் போட்டுவிட்டுக் கிளம்புவது

கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைதான் ஸ்ப்ளின்ட். வெந்நீரில் இளக்கி, வளைத்து, ஓரம் மழுக்கி அழகாகச் செய்துவிடுகிறீர்கள். லாக் புக்குக்குப் படமும் எடுத்தாயிற்று. அரை மணி நேரம் கழித்துக் கழற்றித் தோலைப் பார்ப்பவர்கள் குறைவு. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பின் மேல் சிவந்திருந்து, இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்துகிறது, மாற்ற வேண்டும். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி போன கை என்றால் இன்னும் கவனம். புண் ஆகும்வரை அவருக்கு வலிக்காது, உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

வொயிட்னர்

கேஸ் ஷீட்டில் தவறாக எழுதிவிட்டால் வொயிட்னர் போடாதீர்கள். ஒரே கோடு, பழைய எழுத்து தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். 2021இல் வந்த இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் நம் தொழிலும் இருக்கிறது. நாம் எழுதுவதற்கு நாம்தான் பொறுப்பு.

போன வாரம் அந்த மாணவியைக் கையெழுத்துப் போடாமல் வார்டுக்கே திருப்பி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கடைசி வரியின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்து, தேதி. கீழே புதிதாக எழுதியிருந்தார்: ‘காது மெஷின் மகளின் பையில் இருந்தது. மாட்டிய பிறகு சொன்னதைக் கேட்டுச் செய்தார். டீக்கடை வைத்திருக்கிறார். டீ ஆற்ற வேண்டும் என்கிறார்.’