ஆன்லைன் ஆங்கில வகுப்பில் கட்டுரை திருத்துபவர்களுக்கு

எல்லாப் பிழைகளையும் நீங்களே திருத்தி அனுப்பாதீர்கள். கூகுள் டாக்ஸில் மாணவர் ‘ஏற்றுக்கொள்’ பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மனதில் ஒன்றும் நிற்காது. விதிக்குள் அடங்கும் பிழைக்கு, உதாரணமாக ‘ஷீ கோ’ என்று எழுதியிருந்தால், அடிக்கோடு மட்டும் போடுங்கள். ‘கோஸ்’ என்று அவரே மாற்றிக்கொள்வார். ‘டிஸ்கஸ் அபவுட்’ வேறு ரகம். அங்கே ‘அபவுட்’ வராது என்பதை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இலக்கணத் திருத்தமே வீண் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்தார். திருத்தியதைப் பார்த்து மாணவர் மறுபடி எழுதுவதுதான் முக்கியம் என்பேன். அதனால் ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுங்கள். அப்புறம், மறுபடி எழுதிய பிரதி வந்த பிறகே மதிப்பெண் போடுங்கள்.